புந்தோங்கில் ஓர் எஜமான் – அடிமை அத்தியாயம்

1

நான் ஈப்போவுக்கு வந்து இருபது வருடம் முடிந்த வாரத்தில், இனி என்னோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வரமுடியாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். குடி, சூது, வேறு பெண் என்று ஊரில், தமிழ்நாட்டில், நீங்கள் யோசிக்கக்கூடிய காரணம் எதுவும் இல்லை. ஒரு ஜெர்மானியத் தத்துவப் புத்தகத்தின் ஒரே ஓர் அத்தியாயம்தான் காரணம்.

மலேசியக்காரரைக் கட்டிக்கொண்டு வந்தவள் இங்கே பாஸ் என்கிற தற்காலிக அனுமதியில் வாழ்கிறாள். அது தீரும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். கணவர் கூடவே வந்து அலுவலக முகப்பில், அதிகாரி முன்னால் நின்று, இவள் என் மனைவிதான், இவளுக்கு நான்தான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும். நிரந்தரவாசத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வரும், வரும் என்று என் பெண் திவ்யா ஐந்தாம் படிவத்துக்கு, ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்புக்கு, வந்துவிட்டாள்.

திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் நடத்தியவள் நான். இங்கே என் பட்டத்தை யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், மற்றபடி அடுப்படி. என் கணவர் சேகர் டயர் கடையில் மேற்பார்வையாளர். ரொம்ப நல்ல மனிதர் என்று எங்கள் பேட்டையான புந்தோங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்கள் யாரும் பாஸில் வாழவில்லை.

2

சேகரின் அண்ணன் தர்மராஜா. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் 'சார்', எனக்குப் 'பெரியத்தான்'. ஓய்வு பெற்ற கையோடு ஒரு வாசகர் வட்டம் தொடங்கினார். அவர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை கூடும். முதல் வருடம் பக்திப் பாடல்கள், அடுத்த வருடம் சுயமுன்னேற்றம். அப்புறம் எங்கிருந்து அந்த ஆசை வந்ததோ, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவம் என்று அறிவித்துவிட்டார். சென்னையிலிருந்து தடித்தடியான மொழிபெயர்ப்புகள் வந்து இறங்கின.

எழுதியவர்களின் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் 'ஓ, அவரா' என்று நீங்கள் தலையை ஆட்டிவிட்டு மீதியைப் படிக்கமாட்டீர்கள். ஒருவர் உலக வரலாற்றையே ஒற்றை மூச்சில் விளக்கப் பார்த்தவர். ஒருவர் வாழ்வது என்பதே துன்பம் என்று புத்தகம் முழுக்கப் புலம்பியவர். ஒருவர் கோபென்ஹேகன் தெருக்களில் நடந்துகொண்டே கடவுளோடு சண்டை பிடித்தவர். போதும்.

"வசந்தா, நீ தத்துவம் படிச்சவதானே? சும்மா வந்து உக்காரு. ஒரு ஆள் கூட இருந்தா நல்லாருக்கும்" என்றார் பெரியத்தான்.

உட்காரத்தான் கூப்பிட்டார். பேசக் கூப்பிடவில்லை. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அந்த மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஊரிலிருப்பவர்களிடம் எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதற்குள் வழியில் எத்தனை பேரை அடித்துப் போட்டுவிட்டு வந்தீர்கள்? ஒரு வாக்கியம் தொடங்கி முக்கால் பக்கம் போய், வினைச்சொல் வருவதற்குள் எழுவாய் செத்துக் கிடக்கிறது. 'அறிந்தேற்பு' என்கிறீர்கள். 'தன்னிலை மறுதலிப்பு' என்கிறீர்கள். பின்னால் கலைச்சொல் பட்டியலைப் புரட்டினால் அறிந்தேற்பு என்றால் அறிந்து ஏற்பது என்று போட்டிருக்கிறது. யாருக்காக இதைச் செய்தீர்கள்? உங்களுக்குள் ஒருவருக்கொருவர் முதுகைத் தட்டிக்கொள்ளவா? இங்கே எட்டுப் பேர் வாரம் முழுக்க வேலைபார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து அதன்முன் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று அவர்களையே நம்பவைத்தது உங்கள் புத்தகம்.

3

முதல் சண்டை ஆவியால் வந்தது.

வரலாற்றில் 'ஆவி' தன்னைத் தானே அறிந்துகொண்டு முன்னேறுகிறது என்று பெரியத்தான் உரக்க வாசித்தார். வாசித்துவிட்டு, புரிந்ததுபோலக் கண்ணை மூடினார்.

"சார், எந்த ஆவி? பரிசுத்த ஆவியா?" என்று கேட்டார் பிலோமினா அக்கா. பக்கத்து ஊரான லகாட்டில் தனியாக இருப்பவர், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலை மாதா கோயில், மாலை எங்கள் வட்டம்.

"ஆவின்னா பேய் லா அக்கா. எங்க வீட்டுப் பின்னாடி ரெண்டு இருக்கு, ஒண்ணும் முன்னேறக் காணோம்" என்றார் மணியம். அவர் வாடகைக் கார் ஓட்டுபவர்; 'லா' இங்கே எல்லோர் பேச்சுக்கும் ஒட்டும் வால்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியத்தான் சிரிக்கவில்லை. "ஆன்மான்னு எடுத்துக்குங்க. நம்ம வேதாந்தத்துல இல்லாத ஒண்ணையும் அவன் சொல்லல" என்றார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மூலத்தில் உள்ள சொல்லுக்கு மனம், அறிவு, உயிர்ப்பு எல்லாம் கலந்த ஓர் அர்த்தம் என்றேன். ஒரு காலத்து மக்கள் எல்லோரும் சேர்ந்து யோசிக்கிற யோசனை என்று வைத்துக்கொள்ளலாம், தனித்தனியாக யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகும் என்றேன்.

"அப்படிச் சொன்னாப் புரியுது" என்றார் மணியம். "அப்புறம் ஏன் ஆவின்னு போட்டான்?"

"அதை அவனைத்தான் கேட்கணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தலைகள் என் பக்கம் திரும்பத் தொடங்கின. பெரியத்தான் வாசித்து முடித்து நிமிரும்போது யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவர் முகம் கருத்ததை நான் கவனித்தேன். கவனித்தும் நிறுத்தவில்லை. இருபது வருடமாக இந்த ஊரில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. நான் சமைத்ததைக் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர் குத்த ஆரம்பித்தார். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே 'ஊர்க்காரங்க' என்று பெயர். நாசிலெமாக் சோற்றுக் கடையில் கேட்டாலும் கோயிலில் கேட்டாலும் அந்தச் சொல்லில் கொஞ்சம் முள் இருக்கும். "ஊர்க்காரங்களுக்கு வாய் ஜாஸ்தி." "ஊர்க்காரங்க தமிழ் வேற, நம்ம தமிழ் வேற." "வந்த புதுசுல 'பசியாறிட்டியா'ன்னு கேட்டா, இவளுக்கு அது என்னன்னே தெரியல. காலைச் சாப்பாடுன்னு எங்கம்மாதான் சொல்லிக்கொடுத்தாங்க." கடைசியாகச் சொன்னது உண்மைதான். அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தத்துவத்துக்கு நடுவில் ஏன் சொல்ல வேண்டும்?

4

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. இரண்டு மனிதர்கள் நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஒருவன் உயிருக்குப் பயந்து பணிகிறான், அடிமையாகிறான். மற்றவன் எஜமான். எட்டுப் பக்கம். பெரியத்தான் வாசித்து முடித்தபோது இரண்டு பேர் தூங்கியிருந்தார்கள்.

"வசந்தா, சொல்லேன்" என்றார் பிலோமினா அக்கா, அவரைப் பார்க்காமலே.

நான் சொன்னேன். "எஜமானுக்கு ஒரு சிக்கல் இருக்கு அக்கா. அவன் எஜமான்னு யாராவது கண்டுக்கணும். இதுல 'அறிந்தேற்பு'ன்னு போட்டிருக்காங்களே, அது இதுதான். கண்டுக்கிறது. யாரு அவனைக் கண்டுக்கிறா? அடிமைதான். ஆனா அந்த அடிமையை அவன் மனுஷனாவே மதிக்கல. மதிக்காதவன் கிட்டேருந்து வர்ற மரியாதையை வெச்சு அவன் என்ன பண்ணுவான்?"

"இது தோட்டத்துத் தொரை கதை லா!" என்றார் மணியம். "பங்களாவுல தனியா குடிச்சிட்டுக் கெடப்பான். எங்க தாத்தா சொல்வாரு."

பெரியத்தான் புத்தகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார். "தோட்டத்துக் கதையை இதுக்குள்ள கொண்டாராதீங்க. இது பெரிய தத்துவம்."

"ஏன் சார் கொண்டாரக் கூடாது?" என்றார் பிலோமினா அக்கா. குரலை உயர்த்தவில்லை. "கோலா கங்சார் ரோட்டுல அந்த ரப்பர் தோட்டத்துல எங்கம்மா பால்மரம் வெட்டினாங்க. உங்கப்பா அங்க கிராணி. செக்ரோல் பதிவேட்டுல இருக்கிற நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. எங்கம்மா பேரு அவருக்குத் தெரியவே தெரியாது சார். கடைசி வரைக்கும்."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே, பால்மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுக்கும், கூலிகளுக்கு மேலே. பெரும்பாலும் அவரும் தமிழர்தான். பெரியத்தான் வீட்டு மாடியில் அவருடைய அப்பாவின் பெரிய படம், டையோடும் பூமாலையோடும் தொங்கும். நாங்கள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தோம்.

"எத்தனை நூறு பேரு வேலை செஞ்சாங்க. எல்லார் பேரையும் ஒருத்தர் ஞாபகம் வெச்சுக்க முடியுமா? அது நிர்வாகம்மா" என்றார் பெரியத்தான்.

அங்கே நான் வாயைத் திறந்தேன்.

"துரை பங்களாவுல ஒரு நாய் இருந்திருக்கும் இல்லே பெரியத்தான்? அதுக்குப் பேர் இருந்துச்சா?"

மணியம் சிரித்துத் தொலைத்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பெரியத்தான் எழுந்து நின்றார். அவருக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அந்த அப்பாதான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் கேட்டேன். இன்று கேட்கச் சொன்னாலும் கேட்பேன்.

"எங்க தோட்டத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்றார். "எங்கப்பா படத்துக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, எங்க வீட்டுத் தண்ணியைக் குடிச்சிக்கிட்டு... ஊர்க்காரி! என் தம்பி கையெழுத்துப் போட்டாத்தான் நீ இந்த நாட்டுல இருக்கே. அதை ஞாபகத்துல வெச்சுக்க."

எட்டுப் பக்கம் வாசித்தும் புரியாத அத்தியாயத்தை அவர் ஒரே வரியில் விளக்கிவிட்டார். நான் என் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் பிலோமினா அக்காவின் செருப்புச் சத்தமும் கேட்டது.

5

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி சேகருக்குப் போய்விட்டது.

"அண்ணன் கிட்டப் போய் மன்னிப்புக் கேளு."

"எதுக்கு?"

"செத்துப்போன மனுஷனை நாயோட சேர்த்துப் பேசியிருக்கே."

"சேர்க்கல. நாய்க்குக் கிடைச்சது அந்த அம்மாவுக்குக் கிடைக்கலன்னேன்."

"உன் வெளக்கம் எனக்கு வேணாம். அவரு எங்களைத் தூக்கி வளர்த்தவரு. நீ கேட்காட்டி, செவ்வாக்கெழமை நான் இமிகிரேசனுக்கு வாரதா இல்ல."

கோபத்தில் சொன்னார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, மின்சாரக் கட்டணத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அண்ணன் தன் வீட்டு மாடியில் சொன்னதைத் தம்பி இங்கே நடைமுறைப்படுத்துகிறார்.

திவ்யா மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க மெதுவாக வரும், யோசிப்பது மலாயிலும் ஆங்கிலத்திலும். காதிலிருந்த பாட்டுக் கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

"செத்துப்போன வெள்ளைக்காரனுக்காக யாராவது வீட்டுல சண்டை போடுவாங்களா மா? பெரியப்பாகிட்ட சாரி சொல்லிட்டுப் போங்க லா. ரெண்டு செகண்ட் வேலை."

"ரெண்டு செகண்ட்தான். அப்புறம் மிச்ச வாழ்க்கை?"

அவள் பெருமூச்சு விட்டுக் கருவியை மறுபடி மாட்டிக்கொண்டாள். என் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கு நான் எதற்காகக் கோபப்படுகிறேன் என்பதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. அவள்மீதும் அன்று எனக்குக் கோபம்தான்.

6

மலாய் மொழியில் கணவனுக்குச் 'சுவாமி' என்று பெயர். மனைவிக்கு 'இஸ்திரி'. இரண்டும் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன சொற்கள்தான். வந்த புதிதில் குடிநுழைவு முகப்பிலிருந்த பெண் 'சுவாமி மானா?' என்று கேட்டபோது, சாமி எங்கே என்று இந்த நாட்டில் எல்லோரையும் கேட்பார்களோ என்று திகைத்து, கைப்பையிலிருந்த சமயபுரம் மாரியம்மன் படத்தை எடுத்துக் காட்டியிருக்கிறேன். சேகர் அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்தார். சுவாமி என்றால் உடையவன், எஜமான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் பேருந்தில் போனேன்.

"சுவாமி மானா?" என்றார் முகப்பில் இருந்த அதிகாரி. தலையில் துடோங் முக்காடு அணிந்த இளம்பெண்.

வர விருப்பமில்லை என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் 'தாக் மாவு' என்பதற்குப் பதிலாக 'தாக் அடா' என்று வந்துவிட்டது. இல்லை என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. இறந்துவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நான் பதில் சொல்லாமல் நின்றேன். பிறகு இல்லை, உயிரோடுதான் இருக்கிறார், கோபமாக இருக்கிறார் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கடப்பிதழைத் திருப்பித் தந்தார். கணவர் வராமல் எதுவும் செய்ய முடியாது, பாஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, அதற்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர்மீது எனக்குக் குறையில்லை.

வீட்டுக்கு வந்து திருச்சியிலிருக்கும் என் தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். மாடி அறையைக் கொஞ்சம் பெருக்கி வை, ஒருவேளை வருவேன் என்றேன். சேகர் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழ வேண்டும் என்று பேசவில்லை, விழக்கூடாது என்றும் பேசவில்லை. பேசி முடித்ததும் பெட்டியை இறக்கித் துடைத்தேன். அழுகை வரவில்லை. இருபது வருடம் சமைத்த அடுப்பைப் பார்த்தேன், அதைப் பார்த்தும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை சேகர் வேலைக்குப் போகிற உடுப்பில் இல்லாமல், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஏறு, போலாம்" என்றார்.

ஏன் மனம் மாறினார் என்று அவர் சொல்லவில்லை. திவ்யாதான் பிறகு சொன்னாள். "நான் டாடிகிட்ட சொன்னேன் மா. அம்மா போனா நானும் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன், நீங்க பெரியப்பாகூட இருந்துக்குங்கன்னு." சொல்லிவிட்டு உடனே சேர்த்தாள்: "உங்களுக்காகச் சொல்லல. பெரியப்பா இங்க வந்து உக்காந்தா என்னால படிக்க முடியாது."

அதே பெண் அதிகாரிதான் இருந்தார். சேகரைப் பார்த்ததும் என்னைப் பார்த்து ஒரு புன்னகை. வழக்கமான கேள்விகள். மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். குடும்பத்தலைவி என்றுதான் எப்போதும் சேகர் சொல்வார். அன்று ஒரு கணம் தயங்கி, "டியா பாச்சா பூக்கூ" என்றார். இவ புத்தகம் படிக்கிறவ.

அதைக் கேலியாகச் சொன்னாரா, கசப்பில் சொன்னாரா, அவருக்கே தெரியாமல் வந்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதிகாரி நல்லது என்று தலையாட்டினார். கையெழுத்துகள் விழுந்தன.

வரும் வழியில் சுண்ணாம்பு மலைகள் ஜன்னலில் நகர்ந்தன. புந்தோங் திருப்பத்தில் காரை மெதுவாக்கி, "அண்ணன் வீட்டுப் பக்கம் ஒரு எட்டுப் போயிட்டு வரலாமா?" என்றார்.

"நீங்க போய்ட்டு வாங்க. என்னை இங்க இறக்கி விட்டுடுங்க."

"நான் வந்தேன்ல? அதுக்காச்சும்..."

"புருஷன் வரணும்கிறது சட்டம். வந்தீங்க. நன்றி வேணும்னா சொல்றேன். மன்னிப்பு கிடையாது."

இறக்கி விட்டார். வெயிலில் வீடு வரை நடந்தேன்.

7

வட்டம் இரண்டாகிவிட்டது. புத்தகங்கள் பெரியத்தானிடமே இருக்கின்றன. அவரிடம் இப்போது மூன்று பேர் போகிறார்கள், வேதாந்தம் வாசிக்கிறார்களாம். நாங்கள் லகாட்டில் பிலோமினா அக்கா வீட்டில் கூடுகிறோம். அவர் ஆங்கிலப் பிரதிகளை வரவழைத்திருக்கிறார். ஆங்கிலத்தைப் பார்த்து நாங்களே ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிப் பார்க்கிறோம். ஒரு மாலைக்கு ஒரு பக்கம்கூட நகர்வதில்லை. அந்த ஜெர்மானியர்களை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். உலகத்தைப் பற்றியெல்லாம் எழுதினார்கள், எங்களைக் கணக்கில் சேர்க்கவேயில்லை. இருந்தும் வாசிக்கிறேன். திட்டுவதற்காவது முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இதை ஒரு வெற்றிக் கதையாக யாரும் அங்கே படித்துவிடாதீர்கள். பாஸ் மறுபடி தீரும். சேகரும் நானும் சோறு, உப்பு, திவ்யா தவிர வேறெதுவும் பேசிக்கொள்வதில்லை.

போன மாதம் சேகரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம். மூத்தவர் பந்திக்குள் நுழைந்தால் மருமகள்கள் இலையிலிருந்து எழுந்து நிற்க வேண்டும். அவர் கையமர்த்திய பிறகு உட்கார வேண்டும். மாமனார் போனபின் அந்த எழுந்து நிற்றல் பெரியத்தானுக்கு வந்திருந்தது. நானும் எத்தனையோ கல்யாணங்களில் எச்சில் கையோடு எழுந்து நின்றிருக்கிறேன்.

அவர் பட்டு வேட்டியில் உள்ளே வந்தார். வரிசையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. மற்ற மருமகள்கள் எழுந்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சேகர் என் முழங்கையைத் தொட்டு, "எழுந்திரு" என்றார்.

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன்.

பெரியத்தான் என் இலைக்கு எதிரே வந்து நின்றார். வழக்கமாகக் கையை அசைத்துவிட்டுப் போய்விடுவார். அன்று அசைக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். கோபத்தை எதிர்பார்த்தேன். அதைவிட, கேட்க வந்ததைக் கேட்க முடியாதவர்போல இருந்தது அவர் முகம். நின்றிருந்த பெண்கள் எப்போது உட்காரலாம் என்று தெரியாமல் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு வந்தவர் வழி கிடைக்காமல் அவருக்குப் பின்னால் காத்திருந்தார்.

"அண்ணே, சாம்பார் போடணும், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றார் வாளியோடு நின்றவர் கடைசியில்.

பெரியத்தான் தள்ளிக்கொண்டார். அடுத்த வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். பெண்கள் ஒவ்வொருவராக, யாரும் சொல்லாமலே, உட்கார்ந்தார்கள். நான் சாம்பாரை வாங்கிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.